குறியும் காற்றும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் பெருஞ்சாலையில், பாகூர் வட்டாரத்தில் உள்ளது பிள்ளையார்குப்பம். கிழக்கே சிறிது தொலைவில் வங்கக் கடல். மேற்கே புதுவையின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்ற பாகூர் வயல்வெளி. தெற்கே தென்பெண்ணையைக் கடந்தால் கடலூர். இப்பகுதி மக்களுக்குக் காற்றின் வலிமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய ‘தானே’ புயல் தென்னையையும் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துச் சென்றதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

புயலாக வந்து மரத்தைச் சாய்க்கும் காற்று, மெல்லென வீசும்போதும் ஒன்றை வழி விலக்குகின்றது. துப்பாக்கியிலிருந்து புறப்பட்டுச் செல்லும் குண்டே அது. விளைச்சலை அழிக்கும் விலங்கைத் தொலைவிலிருந்து சுட்டு வீழ்த்த முனைபவன் முதலிற் கற்க வேண்டிய பாடம் இது. குண்டின் மீது காற்று செலுத்தும் ஆற்றலை முதன்முதலாக அளந்து உலகுக்கு அறிவித்த கணித மேதை, பிள்ளையார்குப்பத்துக்குத் தெற்கே, கடலூர்த் தேவனாம்பட்டினத்துக் கோட்டையில்தான் உயிர் நீத்தார் என்பதை நம்மவர் பலர் அறியார். எய்தவனின் கைக்குக் காற்றும் துணை நின்றால் அவ்வேட்டையின் சட்டம் யாது என்பதை, அவருக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் மார்க்கச் சட்ட மேதை ஒருவர் எழுதி வைத்தார் என்பதும் நம் இல்லங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. இவ்விரு செய்திகளையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பது இன்றைக்கும் பயன் தரும்.

குண்டு அளந்த கிராமங்கள்

முதலில் அக்கோட்டையின் வரலாற்றைச் சிறிது காண்போம். செஞ்சியில் இருந்துகொண்டு முகலாயப் படையை எதிர்த்துவந்த மராட்டிய மன்னர் இராஜாராமிடமிருந்து, 1690இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிற்று. புனித டேவிட் கோட்டை எனப் பின்னர் வழங்கப்பட்டது அதுவே. கோட்டையோடு அதனைச் சூழ்ந்த நிலமும் கம்பெனிக்கு உரியதாகும் என்பது ஒப்பந்தம். அந்நிலத்தின் எல்லை எது? ஆறும் குன்றும் ஏரியும் எல்லையாகக் குறிக்கப்படவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எங்குச் சென்று விழுமோ அங்கு வரையில் கம்பெனியின் நிலம் என்று முடிவாயிற்று. சென்னையிலிருந்து சிறந்ததொரு பித்தளைப் பீரங்கி வரவழைக்கப்பட்டது. 1690 செப்டம்பரில் அது பல திசைகளிலும் முழங்கிற்று. குண்டு எட்டிய எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களெல்லாம் கம்பெனியின் கைக்குச் சென்றன. ‘குண்டு கிராமங்கள்’ என்னும் பெயர் அவற்றுக்கு நெடுங்காலம் நிலைத்துவிட்டது.

எவ்வளவு மருந்து இடுவது, குழலை எவ்வளவு உயர்த்துவது என்பனவெல்லாம் சுடுபவனின் திறமைக்கு விடப்பட்டிருந்தன. தன் வயலில் உழுதுகொண்டிருந்த குடியானவனை எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. குண்டு தன் நிலத்துக்கு முன்னே விழுந்ததா, பின்னே விழுந்ததா என்பதைப் பொறுத்து அவன் ஆட்சியாளன் மாறினான். ஒரு குண்டைத் தொலைவுக்குச் செலுத்த வல்லமை இருப்பது வேறு. அது விழும் இடத்துக்குப் பொறுப்பேற்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாமையால் விளைந்த தீங்குகள் பல. அவற்றுள் ஒன்று நம் மண்ணிலேயே ஊர்களின் பெயராய் நின்றது.

கணித மேதையின் வருகை

பெஞ்சமின் ராபின்ஸ் 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில், குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த எளிய குடும்பத்திற் பிறந்தார். குவேக்கர்கள் போரை வெறுப்பவர்கள். அக்குடும்பத்தில் தோன்றியவரே போர்க்கருவியின் கணிதத்தை மாற்றியமைத்தார் என்பது வியப்புக்குரியது. இருபது வயதில், 1727இல், இலண்டன் ராயல் சொசைட்டியில் உறுப்பினரானார். 1742இல் பீரங்கிக் கலையின் புதிய நெறிகளை விளக்கும் நூலை வெளியிட்டார்.

அந்நூல் தோன்றுமுன் அறிஞர் பலர் கொண்டிருந்த கருத்து இதுதான்: எறியப்பட்ட பொருள் ஒழுங்கானதொரு வளைவில் எழுந்து, அதே ஒழுங்கில் இறங்கும். இது கலீலியோ வகுத்த கணக்கு. காற்று மிக நுண்ணியது. ஈயமோ மிகக் கனமானது. ஆகவே குண்டின் மீது காற்றின் தடை பொருட்படுத்தத் தக்கதன்று என்றே பலரும் நம்பினர். ராபின்ஸ் அந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார். கனத்த மரப்பலகையை ஊசல்போல் தொங்கவிட்டு அதன்மேல் குண்டைச் சுட்டார். குண்டு பாய்ந்ததும் பலகை பின்னோக்கி ஆடும். அது எவ்வளவு தொலைவு ஆடிற்று என்பதைப் பலகையிற் கட்டிய நாடா காட்டிவிடும். குண்டின் எடை, பலகையின் எடை, ஆடிய தொலைவு ஆகிய இவற்றைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிடலாம். ஊசலை அருகிலும் தொலைவிலும் வைத்துச் சுட்டபோது, வழியில் குண்டு இழந்த வேகம் புலப்பட்டது.

கிடைத்த விடை அறிஞர்களைத் திகைக்கச் செய்தது. வினாடிக்கு 1,600 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும் சாதாரணத் துப்பாக்கிக் குண்டை எதிர்த்துக் காற்று தள்ளும் விசை, அக்குண்டின் எடையைப் போல் நூறு மடங்குக்கும் அதிகம்! நாம் மூச்சு விடும் இந்த மெல்லிய காற்று, விரைந்து செல்லும் ஈயத்துக்கு அடர்ந்த சுவராகி நிற்கின்றது. பிரஷ்ய மன்னர் பிரடெரிக்கின் ஆதரவில் இருந்த மாபெரும் கணித அறிஞர் ஆய்லர், 1745இல் ராபின்ஸின் நூலை ஜெர்மன் மொழியிற் பெயர்த்து, மூலத்தினும் பெரிய விரிவுரையை அதற்கு வரைந்தார். 1746இல் ராயல் சொசைட்டி ராபின்ஸுக்குக் காப்லி பதக்கம் வழங்கிற்று.

குண்டு நேரே செல்லாமல் பக்கவாட்டில் வளைந்து செல்வதையும் அவர் ஆராய்ந்தார். மெல்லிய தாள் திரைகளை வரிசையாக நிறுத்திச் சுட்டு, ஒவ்வொரு திரையிலும் விழுந்த துளையைக் குறித்துக்கொண்டார். துளைகள் ஒரே நேர்கோட்டில் அமையவில்லை. வழவழப்பான குழலுக்குள் உராய்ந்து வரும் உருண்டைக் குண்டு, தாறுமாறாகச் சுழன்றுகொண்டே வெளியேறுகின்றது. அச்சுழற்சியின் காரணமாகக் காற்று அதனை ஒரு பக்கம் தள்ளுகின்றது என்று விளக்கினார். இதற்கு மருந்து ரைபிள் என்றார். குழலின் உட்புறத்தில் திருகுபுரி போல் வரிகளை வெட்டிவிட்டால், குண்டு தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு ஒழுங்காகச் சுழலும். அதனால் நேர் வழி தவறாது. இத்தகைய துப்பாக்கிகள் ஜெர்மானிய நாடுகளில் முன்பே வேட்டைக்குப் பயன்பட்டு வந்தன. அவை ஏன் குறி தவறுவதில்லை என்பதற்குக் காரணம் காட்டியவர் ராபின்ஸ். உருண்டைக்குப் பதில் முட்டை வடிவக் குண்டு சிறந்தது என்றும், ரைபிளின் தன்மையை முற்ற உணர்ந்து கைக்கொள்ளும் நாடு ஏனையவற்றை வெல்லும் என்றும் அவர் 1747இலேயே கூறினார்.

இத்தகையவரைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் செப்பனிடும் தலைமைப் பொறியாளராக 1749இல் அமர்த்திற்று. 1750இல் அவர் நம் கரைக்கு வந்து சேர்ந்தார். தேவனாம்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கோட்டைத் திட்டங்கள் வரைந்தார். ஆனால் நம் நாட்டுக் காய்ச்சல் அவரை வாட்டிற்று. 1751 ஜூலை 29ஆம் நாள், ஹிஜ்ரி 1164இல், தேவனாம்பட்டினத்திலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

மறு ஆண்டு, 1752 செப்டம்பர் 6ஆம் நாள், பாகூர் வெளியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினர். அப்போரை ரைபிள் முடிவு செய்யவில்லை. வழவழப்பான குழலும் அதன் முனையிற் செருகிய கத்தியுமே முடிவு செய்தன. ராபின்ஸ் சொன்னதைப் படைகள் பரவலாக ஏற்க இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1853இல் உருவான என்பீல்டு ரைபிள் நம் நாட்டுச் சிப்பாய்களின் கைக்கு வந்தபோது, அதன் தோட்டாவிற் பூசிய கொழுப்பைப் பற்றிய ஐயம் 1857ஆம் ஆண்டின் பெரும் எழுச்சிக்கு ஒரு பொறியாயிற்று என்பதை வாசகர் அறிவர்.

பக்கக் காற்றின் கணக்கு

இனிக் காற்று வீசும்போது நிகழ்வதைக் காண்போம். பக்கத்திலிருந்து வீசும் காற்று, குண்டு பறக்கும் நேரம் முழுவதும் அதனைத் தன்னோடு இழுத்துச் செல்லும் என்று பலர் எண்ணுவர். உண்மை அதனினும் நுட்பமானது. குறியை அடையக் குண்டு எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்று. காற்றின் தடையே இல்லாதிருந்தால் எடுத்திருக்கக்கூடிய நேரம் மற்றொன்று. இவ்விரண்டின் வேறுபாடு, தடையினால் விளைந்த தாமதம். பக்கக் காற்றின் வேகத்தை அத்தாமதத்தாற் பெருக்கினால் குண்டு விலகும் தொலைவு கிடைக்கும். அதாவது, எந்தக் குண்டைக் காற்று மிகுதியாகத் தடுக்கின்றதோ, அதனையே பக்கக் காற்றும் மிகுதியாக விலக்கும். ராபின்ஸ் ஊசலைக் கொண்டு அளந்த தடைதான் இந்த விலகலுக்கும் வேர்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 168 கிரெயின் எடையுள்ள குண்டு வினாடிக்கு 2,650 அடி வேகத்தில் ரைபிளை விட்டுப் புறப்படுகின்றது. பக்கத்திலிருந்து மணிக்கு 10 மைல் வேகக் காற்று வீசுகின்றது. அது புயற்காற்று அன்று. இலைகளும் சிறு கிளைகளும் இடைவிடாது அசையும் அளவினது. 100 கஜத் தொலைவில் குண்டு ஓர் அங்குலத்துக்கும் குறைவாகவே விலகும். 300 கஜத்தில் ஏறத்தாழ 7 அங்குலம் விலகும். 500 கஜத்திலோ 20 அங்குலத்துக்கு மேல்! தொலைவு ஐந்து மடங்காகும்போது விலகல் இருபது மடங்கையும் தாண்டிவிடுகின்றது. நெஞ்சைக் குறி வைத்த குண்டு வயிற்றைக் கிழிக்கும். அல்லது விலங்கைத் தொடாமல் அடுத்த வயலுக்குச் செல்லும்.

இத்துடன் முடிந்ததா எனின், இல்லை. காற்று எங்கும் ஒரே அளவாக வீசுவதில்லை. சுடுபவன் நிற்கும் வரப்பில் ஒரு வேகம். நடுவிலுள்ள திறந்த வெளியில் மற்றொரு வேகம். சவுக்குத் தோப்பின் மறைவில் மூன்றாவது வேகம். துப்பாக்கியின் அருகில் வீசும் காற்று குண்டைச் சிறிது திருப்பினாலும் அத்திருப்பம் போகப் போக விரியும். ஆதலின் தேர்ந்தவர்கள் புல் சாயும் விதத்தையும், புழுதி பறக்கும் திசையையும், வெயிலில் நிலத்தின் மேல் நெளியும் கானலையும் கண்டு காற்றை மதிப்பிடுவார்கள். நம் கடற்கரையிலோ கோடைப் பகலில் மேலைக்காற்று வீசிக்கொண்டிருக்கும்போதே பிற்பகலில் கடற்காற்று புகுந்து திசையை மாற்றிவிடும். தமிழர் நான்கு திசைக் காற்றுக்கும் தென்றல், வாடை, கோடை, கொண்டல் எனத் தனித்தனிப் பெயரிட்டனர். அரபிகளும் ஸபா, தபூர், ஷமால், ஜனூப் எனப் பெயரிட்டனர். பெயர் அறிந்த பொருளே ஆயினும் அது நம் கட்டளைக்கு உட்பட்டது அன்று.

அமெரிக்க நாட்டில், புல்வெளிகளில் வளை தோண்டி வாழும் சிறு விலங்குகளை முன்னூறு, நானூறு கஜத்திலிருந்து சுட்டு வீழ்த்துவதை ஒரு விளையாட்டாகவே பழகி வருகின்றனர். அவ்விலங்குகள் மேய்ச்சலைக் கெடுக்கின்றன, அவற்றின் வளைகளிற் கால்நடைகள் காலிடறுகின்றன என்பது அவர்கள் கூறும் காரணம். காற்று விலக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டி, மிக இலேசான குண்டை மிக விரைவாகச் செலுத்தும் ரைபிள்களை அவர்கள் ஆக்கினர். 1935இல் விற்பனைக்கு வந்த ஒரு வகைத் தோட்டாவின் குண்டு வினாடிக்கு 4,000 அடியைத் தாண்டிற்று. ஆயினும் காற்று தோற்கவில்லை. தொலைவுதான் சிறிது நீண்டது.

அரபு நூல்களில் அம்பும் காற்றும்

எறிபொருளின் இயக்கம் நம் முன்னோர்க்குப் புதிய பொருளன்று. எறிபவன் பொருளுக்குள் பதிக்கும் உந்துதலை இப்னு சீனா ‘மைல்’ என்று அழைத்தார். ஹிஜ்ரி 428இல், அதாவது 1037இல், மறைந்த அப்பேரறிஞர், வெட்டவெளியில் எதிர்ப்பதற்கு ஒன்றும் இல்லையாயின் அவ்வுந்துதல் தேயாது என்று கருதினார். அவ்வாறு ஓயாத இயக்கத்தை நாம் காண்பதில்லை. ஆதலின் வெற்றிடம் என்பது இல்லை என்பது அவர் வாதம். அவருக்குப் பின்வந்த அபுல் பரகாத் அல்பக்தாதி, உந்துதல் தானாகவே தேய்ந்து போகும் என்று மறுத்துரைத்தார். தேய்ப்பது எது என்னும் அவ்வினாவுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து ராபின்ஸின் ஊசல் எண்ணிக்கையால் விடை தந்தது. எறிபொருளின் வேகத்தைப் பெரிதும் தின்பது காற்றே.

சட்ட நூல்களுக்கு வருவோம். அதீ இப்னு ஹாத்திம் (ரலி) என்னும் நபித்தோழர் வேட்டைப் பிரியர். ‘மிஃராள்’ என்னும் சிறகற்ற எறிகோலைப் பற்றி அவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவினார். கோல் தன் கூரிய முனையாற் பாய்ந்து கொன்றதை உண்ணலாம்; அகலவாட்டில் மோதிக் கொன்றதை உண்ணலாகாது என்பது அண்ணலார் அளித்த தீர்ப்பின் கருத்து. மோதி நசுக்கப்பட்ட உயிர் துடிதுடித்து மடிகின்றது. ஊடுருவிச் செல்லும் முனையோ விரைவில் முடித்துவிடுகின்றது. கோலின் முனை முன்னோக்கிச் செல்ல வேண்டும் என்னும் அக்கவலையையே வேறொரு வழியில் ராபின்ஸின் ரைபிள் தீர்த்தது. நீண்ட குண்டு புரண்டு புரண்டு செல்லாமல் முனை முன்னாகவே பறப்பதற்குச் சுழற்சி துணை செய்கின்றது.

‘புந்துக்’ என்னும் அரபுச் சொல்லின் வரலாறும் சுவையானது. முதலில் அது ஒரு கொட்டையின் பெயர். பின்னர் அக்கொட்டை அளவினதான களிமண் உருண்டைக்கு ஆயிற்று. அதற்கும் பின்னர் ஈயக் குண்டுக்கு ஆகி, இன்று துப்பாக்கியே அரபியில் ‘புந்துக்கிய்யா’ எனப்படுகின்றது. களிமண் உருண்டையால் மோதிக் கொல்லப்பட்டது ஆகாது என்பது சட்ட அறிஞர் பெரும்பாலோர் கருத்து. துப்பாக்கி வந்தபின் ஈயக் குண்டுக்கும் அதே சட்டமா என்னும் வினா எழுந்தது. அது ஊடுருவிச் செல்வதால் ஆகும் என்று யமன் நாட்டு இமாம் ஷவ்கானி போன்றோர் கூறினர். அது கூர்மையால் அன்றி வேகத்தின் வலிமையால் கொல்வதால் ஆகாது என்று ஹனபி அறிஞர் இப்னு ஆபிதீன் போன்றோர் கூறினர். உயிரோடு பிடித்து முறைப்படி அறுத்தால் ஆகும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

காற்றைப் பற்றிய நேரடியான சட்டம் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலில் உள்ளது. ஹிஜ்ரி 676இல், அதாவது 1277இல், மறைந்த அவ்விமாமின் நூல் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த நம் மத்ரஸாக்களில் நன்கு அறிமுகமானது. வேட்டைப் பிராணியின் மீது எய்த அம்பு காற்றின் துணையால் அதனைச் சென்றடைந்தாலும் அவ்வேட்டை ஆகும் என்று அதில் முடிவு கூறப்பட்டிருக்கின்றது. காற்று எங்கும் இருப்பது. அதனை விலக்கிவிட்டு எய்தல் இயலாது. ஆகவே காற்றின் பங்கு எய்தவனின் செயலை இல்லாமல் ஆக்கிவிடுவதில்லை. ஆனால் அதை அடுத்து வரும் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். தன் வலிமையைச் சோதித்துப் பார்ப்பதற்காகவோ, ஓர் இலக்கை நோக்கியோ ஒருவன் அம்பு எய்கின்றான். குறுக்கே வந்த பிராணி அதில் அடிபட்டுச் சாகின்றது. அது ஆகாது என்பதே வலுவான கருத்து. காற்று துணை நின்றதைச் சட்டம் மன்னித்தது. நாட்டமின்றி எய்ததை அது மன்னிக்கவில்லை.

அதே நூலின் அம்பெய்தல் போட்டி பற்றிய பாடத்திலும் காற்று வருகின்றது. காற்று இலக்கைப் பெயர்த்துவிட, அம்பு இலக்கு முன்பிருந்த இடத்தில் தைத்தால் அது எய்தவனுக்குச் சாதகமாக எண்ணப்படும். தவறினால் அவன் கணக்கில் தவறாக எழுதப்படாது. விளையாட்டில் காற்று ஒரு சாக்காகலாம். உயிர் விஷயத்திலோ அவ்வாறன்று. வேட்டைப் பிராணியை நோக்கி எய்த அம்பு மனிதனைத் தாக்கிவிட்டால் அது தவறுதலாக நேர்ந்த கொலை. அதற்கு இரத்தப் பணமும் பரிகாரமும் உண்டு என்பது சட்ட நூல்கள் எல்லாம் எடுத்துக்காட்டாகக் கூறும் செய்தி. நான் வேண்டுமென்று செய்யவில்லை என்னும் சொல் பழிவாங்கலைத் தடுக்கும், பொறுப்பைத் துடைக்காது.

தீங்கு செய்யும் உயிர்கள்

தீங்கு விளைக்கும் உயிர்களைக் கொல்லலாமா என்றால், கொல்லலாம். காகம், பருந்து, தேள், எலி, கடிக்கும் நாய் ஆகிய ஐந்தையும் புனித எல்லைக்குள்ளும் கொல்ல அனுமதி உண்டு என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையிலும் தீங்குயிர்கள் பட்டியலிடப்பட்டிருந்தன. காகமும் எலியும் அதிலும் இடம்பெற்றிருந்தமை ஒப்பிட்டு நோக்கத் தக்கது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அந்த அட்டவணை நீக்கப்பட்டுவிட்டது. எனினும், குறிப்பிட்ட பகுதியில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு விலங்கைத் தீங்குயிர் என அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இன்றும் உண்டு.

அவ்வதிகாரத்தின்படி 2015 டிசம்பரில் பீகாரில் நீலான் என்னும் பெரிய மானினமும் காட்டுப்பன்றியும் தீங்குயிர்களாக அறிவிக்கப்பட்டன. 2016 ஜூனில் அம்மாநிலத்தின் மொகாமா பகுதியில் இருநூறுக்கும் மேற்பட்ட நீலான்களை ஹைதராபாதிலிருந்து அழைக்கப்பட்ட வேட்டையாளர்கள் சுட்டு வீழ்த்தினர். மத்திய அமைச்சர்களுக்குள்ளேயே அது கருத்து மோதலை எழுப்பிற்று. கேரளத்தில் காட்டுப்பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரம் 2022இல் ஊராட்சித் தலைவர்களுக்கு வழங்கப்பட்டது. தமிழ்நாட்டிலோ, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என 2025 ஜனவரியில் முடிவாயிற்று. இரவெல்லாம் கண்விழித்தும் விளைச்சலை இழக்கும் உழவனின் துயரைக் கண்டு எழுந்த சட்டங்கள் இவை. அத்துயரை எளிதாக எண்ணுவது நேர்மையன்று.

ஆனால் உழவனின் கையில் உள்ள கருவி யாது? 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்க் காவலுக்கெனக் குறிப்பிடுவது, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை. அது பெரும்பாலும் வழவழப்பான குழலையுடையது. எதனுடைய குண்டு தாறுமாறாகச் சுழன்று வழி விலகும் என்று ராபின்ஸ் தாள் திரைகளைக் கொண்டு மெய்ப்பித்தாரோ, அதே இனத்துத் துப்பாக்கி! அதனை வைத்திருப்பவன் விலங்குக்கு மிக அருகிற் சென்றாலன்றிச் சுடலாகாது. நெடுந்தொலைவு ரைபிளை அவனுக்குக் கொடுத்துவிடலாம் என்றால், வேறொரு கேடு காத்திருக்கின்றது. மிகச் சிறிய ரைபிளின் குண்டும் ஒரு மைலுக்கு மேல் செல்ல வல்லது. பாகூர் வட்டாரத்தில் ஓர் ஊர் முடியுமுன் அடுத்த ஊர் தொடங்குகின்றது. புதுவை எல்லை முடிந்து தமிழ்நாட்டு எல்லை வந்து மீண்டும் புதுவை வருகின்றது. அங்கே குறி தவறிய குண்டு பின்னாலுள்ள வயலில் களை எடுப்பவரைச் சென்றடையாது என்று எவர் உறுதி கூறுவார்?

வயல் எலிக்கோ ரைபிளே வேண்டியதில்லை. தஞ்சைத் தரணியில் மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் கிட்டி நெடுநாளாய் அவ்வேலையைச் செய்து வருகின்றது. கிட்டியின் வில்லுக்குக் காற்றும் இல்லை, தொலைவும் இல்லை. வயலில் நட்ட கோலின் மீது இரவில் வந்தமரும் ஆந்தை, கூலி கேளாத காவலன். ஒரு தீங்குயிரை அடியோடு ஒழிப்பது அதனை நம்பி வாழும் பிற உயிரையும் ஒழிக்கும் என்பதற்கு அமெரிக்கப் புல்வெளியே சான்று. அங்கு வளைவாழ் விலங்குகளை நஞ்சிட்டும் பிறவாறும் பெருமளவில் அழித்தபின், அவற்றையே இரையாகக் கொண்ட கருங்கால் மரநாய் இனம் முற்றும் அற்றுப்போயிற்று என்றே 1979இல் கருதப்பட்டது. 1981இல் வயோமிங் மாநிலத்தில் எஞ்சிய சில தற்செயலாகக் கண்டறியப்பட்டமையால் அவ்வினம் மீண்டது.

பொறுப்பின் எல்லை

எய்தற்கலையை நம் மார்க்கம் தாழ்வாக எண்ணவில்லை. பகைவரை எதிர்கொள்ளத் திரட்ட வேண்டிய வலிமை யாது என்பதற்கு, எய்தலே அது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கமளித்ததாக உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கின்றார்கள். அதே பெருமானார், கல்லைச் சுண்டி எறிவதைத் தடுத்தார்கள். அது வேட்டையையும் வீழ்த்தாது, பகைவனையும் காயப்படுத்தாது. கண்ணைக் குருடாக்கும், பல்லை உடைக்கும் என்பது அவர்கள் கூறிய காரணத்தின் கருத்து. குறைஷி இளைஞர் சிலர் ஒரு பறவையைக் கட்டி வைத்து, குறி தவறும் அம்புகளை அதன் உடையவருக்கே தருவதாகப் பேசி எய்துகொண்டிருந்ததை இப்னு உமர் (ரலி) கண்டபோது, உயிருள்ளதை இலக்காக்குபவரை நபிகளார் சபித்துள்ளார்கள் என்று கண்டித்தார்கள். கொல்ல நேர்ந்தாலும் செவ்வையாகக் கொல்க, வதைக்கற்க என்பதும் அவர்கள் வழங்கிய நெறி.

இந்நெறிகளை ராபின்ஸின் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. துப்பாக்கி எட்டும் தொலைவு ஒன்று; சுடுபவன் தன் அறிவால் உறுதி கூறக்கூடிய தொலைவு மற்றொன்று. காற்று வலுக்க வலுக்க இரண்டாவது சுருங்கிக்கொண்டே வரும். 500 கஜத்தில் 20 அங்குலத் தவறு நேரக்கூடும் என்று அறிந்தபின்பும் விசையை இழுப்பவன் வேட்டையாளன் அல்லன். தன் வலிமையைச் சோதித்துப் பார்ப்பவன். அவன் வீழ்த்தியதற்கு ‘மின்ஹாஜ்’ என்ன தீர்ப்பு வழங்கிற்று என்பதை மேலே கண்டோம். காற்று தணியக் காத்திருத்தல், அருகிற் செல்லுதல், இரண்டும் இயலாவிடில் துப்பாக்கியைத் தாழ்த்துதல் ஆகிய இம்மூன்றும் அவனுக்குக் கடமையாகின்றன.

1690இல் தேவனாம்பட்டினத்துப் பீரங்கி, எட்டியதெல்லாம் எனக்கே உரியது என்று முழங்கிற்று. அறுபத்தோராண்டுகள் கழித்து அதே கோட்டையில் மறைந்த மேதையோ, எட்டும் வழியெல்லாம் காற்றுக்கும் பங்குண்டு என்று எண்ணால் எழுதிச் சென்றார். காற்று இறைவனின் ஏவலுக்கு உட்பட்டது. அதனைத் திட்டுதல் கூடாது என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கின்றது. அதன் பங்கை அறிந்து நம் பங்கை அடக்கிக்கொள்வதே நமக்கு விதிக்கப்பட்டது. பயிரையும் காத்து, உயிரையும் வதைக்காமல், அயலானையும் அஞ்ச வைக்காமல் வாழும் அறிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.